விளையாட்டு மண்டபத்து விளக்குகள்



அமெரிக்க நாட்டுப் பள்ளிக்கூடங்களில் ஜிம்னாசியம் என்று வழங்குகிற விளையாட்டு மண்டபங்களின் கூரையில் தொங்கிய விளக்குகளைப் பற்றி ஒரு மாலைப் பொழுது முழுவதும் பேச இடமிருக்கிறதா என்ற ஐயம் உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். அந்நாட்டின் இந்தியானா, ஒஹையோ மாநிலங்களில் பொதுக் கட்டடங்களின் விளக்கு அமைப்புகளை அளந்து பார்த்து அறிக்கை எழுதும் உத்தியோகத்தில் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. அங்கே நான் பழகிய மனிதர்களிடம், அவர்கள் வயோதிகராயினும் வாலிபராயினும், பள்ளிப் பருவத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், ஆசிரியரின் பெயரை மறந்தவர்களும், படித்த பாடத்தை மறந்தவர்களும்கூட, அந்த மண்டபத்து விளக்குகள் மெல்ல மெல்லப் பிரகாசமடைந்ததையும், அவை ஓயாமல் ரீங்காரம் செய்ததையும், பந்து பட்டு அவற்றின் கம்பிக்கூடு கணீரென்று அதிர்ந்ததையும் மறவாமல் சொல்லக் கேட்டிருக்கிறேன். இத்தனை பேருடைய உள்ளத்தில் ஏறக்குறைய ஒரே விதமாகப் பதிந்துவிட்ட ஒரு பொருள் ஆராய்ச்சிக்கு உரியதே என்பது என் அபிப்பிராயம். அன்றியும், ஓர் ஊர் தன் பிள்ளைகளுக்காக எவ்வளவு செலவிடத் துணிந்தது, எந்தக் காலத்தில் கையை இறுக்கிக்கொண்டது, எதை அறியாமல் இருந்தது என்பவற்றை அவ்வூர்ப் பள்ளி மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தே ஒருவாறு அறிந்துகொள்ளலாம் என்பதை நான் தொழில் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். அதைத்தான் இன்று உங்கள் முன் விரித்துரைக்க விரும்புகிறேன்.

கூடைப்பந்து ஆட்டம் தோன்றிய வரலாற்றிலேயே விளக்கின் தேவை அடங்கியிருக்கிறது. 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், பனிக்காலத்தில் வெளியே சென்று ஓடியாட வழியின்றி மனம் சலித்திருந்த மாணவர்களுக்காக, மண்டபத்துக்குள்ளேயே ஆடத்தக்க ஆட்டம் ஒன்றை வகுக்க வேண்டியவரானார். பீச் பழக் கூடைகள் இரண்டை மேல்மாடத்தின் கைப்பிடியில், தரையிலிருந்து 10 அடி உயரத்தில் ஆணியடித்து மாட்டி, ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்த ஊரில் டிசம்பர் மாதத்துச் சூரியன் மாலை நாலரை மணிக்குள் அஸ்தமித்துவிடுகிறான். பள்ளி விட்ட பிறகு ஆடவும், பெற்றோர்கள் வேலையிலிருந்து திரும்பிய பிறகு வந்து காணவும் வேண்டிய ஓர் ஆட்டம், அதுவும் ஆண்டிலேயே இரவு மிக நீண்டிருக்கும் பருவத்துக்கென்றே பிறந்த ஓர் ஆட்டம், செயற்கை ஒளியின் துணையின்றி நாடு முழுவதும் பரவியிருக்க முடியாது.

இந்த ஆட்டத்தின்மீது மற்றெல்லா மாநிலத்தாரையும் விட அதிகமாக மோகம் கொண்டவர்கள் இந்தியானா மாநிலத்து மக்கள். சோளமும் சோயாவும் விளையும் அந்தச் சமவெளியில், சிற்றூர்கள்கூட ஊர் ஜனங்கள் அனைவரும் ஒருங்கே உட்காரத்தக்க மண்டபங்களைக் கட்டிக்கொண்டன. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் வசித்த நியூ காசில் என்னும் ஊரில் 1959-ஆம் ஆண்டு எழுந்த பள்ளி மண்டபத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அமர இடம் இருந்தது. 1954-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மொத்தம் 161 மாணவர்களே படித்த மைலன் என்னும் கிராமத்துப் பள்ளி, மன்சி சென்ட்ரல் என்னும் பெரிய பள்ளியை 32-க்கு 30 என்ற கணக்கில் வென்று மாநில வெற்றியைப் பெற்றது. பாபி பிளம்ப் என்ற இளைஞன் கடைசிக் கணத்தில் பந்தைக் கூடையில் இட்ட அந்தச் சம்பவம் அங்கே இன்றும் வீட்டுக்கு வீடு சொல்லப்படுகிறது. அதைத் தழுவி 1986-ஆம் ஆண்டில் ஒரு திரைப்படமும் வெளிவந்தது. அந்தப் படத்தில் பள்ளி மண்டபமாகக் காட்டப்பட்ட நைட்ஸ்டவுன் ஊரின் பழைய மண்டபத்தை இன்றும் பேணிவைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த மண்டபங்களின் வெளிச்சம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவாகப் பங்கிடப்படவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். இந்தியானாபோலிஸ் நகரில் கறுப்பின மாணவர்களைத் தனியே ஒதுக்கிவைப்பதற்காக 1927-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளியின் விளையாட்டு மண்டபம், பந்தயம் காண வருவோரை ஏற்க இயலாத அளவுக்குச் சிறியது. 1942-ஆம் ஆண்டு வரை அத்தகைய பள்ளிகளுக்கு மாநிலப் போட்டியில் சேரவே அனுமதி இல்லை. தங்களுக்கென்று தக்க மண்டபம் இல்லாமல் பிறருடைய மண்டபங்களில், பிறருடைய விளக்குகளின் கீழேயே ஆடிப் பழகிய அந்தப் பள்ளியின் பிள்ளைகள், ஆஸ்கர் ராபர்ட்சன் என்னும் மகா வீரனை முன்னிட்டு, 1955-ஆம் ஆண்டிலும் மீண்டும் 1956-ஆம் ஆண்டிலும் மாநில வெற்றியைக் கைப்பற்றினார்கள். மற்ற வெற்றிக் குழுவினர் வழக்கமாகக் கொண்டாடிய நகர மத்தியச் சதுக்கத்தில் இவர்களைக் கொண்டாட விடாமல், அவர்களுடைய குடியிருப்புப் பக்கத்துப் பூங்காவுக்கு ஊர்வலத்தைத் திருப்பிவிட்டார்கள். விளக்குகளின் சரித்திரத்தைப் பேசப் புகுந்தவன், யாருக்கு விளக்கே கொடுக்கப்படவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

இனி விளக்குகளுக்கு வருவோம். தொடக்கத்தில் இருந்தவை இழை விளக்குகள். வெளிப்புறம் பச்சையும் உட்புறம் வெள்ளையுமாகப் பீங்கான் பூச்சுப் பூசிய இரும்புக் குடைகளுக்குள் 500 வாட், 1000 வாட் பல்புகள் எரிந்தன. பந்து படாமலிருக்கக் கம்பிக்கூடு ஒன்று அடியில் மாட்டப்பட்டிருந்தது. 1930-களின் நடுவில் அமெரிக்க நாட்டின் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் எட்டியிருந்தது. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் அரசாங்க நிர்வாகம் 1935-ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது. வேலையில்லாதோருக்கு வேலை தருவதற்காக அதே ஆண்டில் தொடங்கப்பட்ட மற்றொரு அரசாங்கத் திட்டம், நாடெங்கும் ஏராளமான பள்ளி மண்டபங்களைக் கட்டித் தந்தது. வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கின் அருகே அமர்ந்து பாடம் படித்த ஒரு பண்ணைக் குழந்தை, வெள்ளிக்கிழமை இரவில் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தகைய மண்டபத்துக்குள் அடியெடுத்து வைத்தபோது, தன் வாழ்நாளில் அதுவரையில் கண்டிராத பேரொளியைக் கண்டிருக்கும். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் என்னிடம் சொன்னது இது: ஆட்டம் எது, வென்றவர் யார் என்பதொன்றும் தமக்கு நினைவில்லை, எதிர்ப்பக்கத்துப் படிகளில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள், இரவு வேளையில், அத்தனை தூரத்திலிருந்து தெளிவாகத் தெரிந்ததுதான் நினைவிருக்கிறது.

இழை விளக்குகளுக்கு ஆயுள் குறைவு. ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் எரிந்தால் இழை அறுந்துவிடும். வகுப்பறையில் ஒரு பல்பை மாற்றுவது ஒருவர் நாற்காலிமீது ஏறிச் செய்துவிடக்கூடிய காரியம். தரையிலிருந்து இருபத்தைந்து முப்பது அடி உயரத்தில், மெருகிட்ட மேப்பிள் மரத் தளத்தின்மேல் உயர்ந்த ஏணியை நிறுத்தி, ஒருவர் அடியில் பிடித்துக்கொள்ள மற்றொருவர் ஏறி மாற்றுவது அபாயமும் செலவும் நிறைந்தது. ஆகவே, 24,000 மணி நேரம் எரியக்கூடிய பாதரச ஆவி விளக்கு கிடைத்தபோது, பள்ளி நிர்வாகிகள் அதை விரும்பி ஏற்றதற்கு ஒளியின் சிறப்பைவிட ஏணியின் அச்சமே முக்கியமான காரணமாக இருந்தது.

பாதரச ஆவியின் ஊடே மின்சாரத்தைச் செலுத்தி ஒளி பெறும் முறையைப் பீட்டர் கூப்பர் ஹியூயிட் என்பவர் 1901-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்று வெளியிட்டார். உயர்ந்த அழுத்தத்தில் எரியும் வகை 1930-களில் வந்தது. இந்த விளக்கின் ஒளியில் நீலமும் பச்சையும் மிகுதி. சிவப்போ அறவே குறைவு. மனிதரின் உதடு அதன்கீழ் கருநீலமாகத் தோன்றும்; செவ்வாடை தரித்து ஆடவந்த குழுவினர், அடுப்பில் கருகிய செங்கல்லின் நிறத்தில் காட்சியளிப்பார்கள். பின்னர், பல்பின் உட்புறத்தில் ஒளிரும் பொடியைப் பூசிச் சிவப்பை ஓரளவு மீட்டார்கள். எனினும், அந்த விளக்குக்கு வேறொரு குணம் இருந்தது: அது சட்டென்று அணைந்துபோகாமல், ஆண்டுக்காண்டு மங்கிக்கொண்டே எரிந்துகொண்டிருக்கும். எரிகிற விளக்கை மாற்ற எந்தப் பள்ளி நிர்வாகிக்கும் மனம் வராது. தரையில் புள்ளிகள் குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒளிமானியை வைத்து நான் அளந்தபோது, பள்ளிப் பந்தயங்களுக்கு 50 அடி-மெழுகுவர்த்தி, அதாவது ஏறக்குறைய 540 லக்ஸ், வேண்டும் என்று ஒளிப் பொறியாளர் சங்கம் பரிந்துரைத்திருக்க, அதில் பாதிக்கும் குறைவான வெளிச்சத்தில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்த மண்டபங்களைக் கண்டிருக்கிறேன். அவ்வெளிச்சம் எங்களுக்குப் போதுமானது என்று அங்கிருந்தவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். குறைவு அத்தனை மெதுவாக வந்திருந்தது.

பாதரச ஆவியோடு வேறு உலோகங்களின் உப்புகளைச் சேர்த்தால் ஒளியின் நிறக்குறை நீங்கும் என்ற கருத்து பழமையானது. சார்ல்ஸ் ஸ்டைன்மெட்ஸ் என்ற பேரறிஞர் 1912-ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த கில்பர்ட் ரைலிங். 1964-ஆம் ஆண்டு நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் அவ்விளக்கு பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. மெட்டல் ஹாலைடு என்று பெயர் பெற்ற இந்த விளக்கே, அதன்பின் நாற்பது ஆண்டுக்காலம் அமெரிக்கப் பள்ளி மண்டபங்களை ஆண்டது. 400 வாட் விளக்கு ஒன்று புதிதாக இருக்கையில் 36,000 லூமென் ஒளியைத் தரும். அதே வாட் கொண்ட பாதரச விளக்கு தருவதைவிட அது மிக அதிகம். இன்று ஐம்பது அறுபது வயதில் இருக்கும் அமெரிக்கர்கள் பள்ளி மண்டபம் என்றவுடன் எந்த விளக்கை நினைக்கிறார்களோ, அது பெரும்பாலும் இதுதான்.

இதன் அமைப்பை நான் அருகிலிருந்து பார்த்தபடி சொல்கிறேன். மேலே வாளி போன்ற ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் செப்புக் கம்பி சுற்றிய கனத்த சோக்கும், ஒரு கெபாசிட்டரும் இருக்கும். அதன் அடியில் மணியின் வடிவில் அகன்று விரியும் அலுமினியப் பிரதிபலிப்பான். அதன் நடுவில், வெளிக் கண்ணாடிக் குமிழுக்குள் மற்றொரு சிறிய குவார்ட்ஸ் குழல். உண்மையில் ஒளி பிறப்பது விரல் பருமனேயுள்ள அந்தக் குழலுக்குள்தான். எல்லாவற்றுக்கும் அடியில் கம்பிக்கூடு. உயர்த்தும் மேடையில் ஏறி நின்று அந்தக் கூட்டைக் கழற்றினால், பல ஆண்டுத் தூசியும், ஒளியை நாடி வந்து மடிந்த பூச்சிகளும், இறகுப்பந்தின் உதிர்ந்த இறகுகளும் கையில் கொட்டும். கூட்டுக்கும் கூரையின் இரும்புச் சட்டத்துக்கும் இடையில் அகப்பட்டுக் காற்றிழந்து சுருங்கிப்போன பந்து ஒன்றை எடுத்துக் கீழே போட்டபோது, அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த மண்டபப் பணியாளர், அது அங்கே போய் மாட்டிக்கொண்ட ஆட்டம் எது, எறிந்த பிள்ளை யார் என்பதை, இருபது ஆண்டுக்குப் பிறகும், தயக்கமின்றிச் சொன்னார்.

ரீங்காரத்தின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சோக்கின் நடுவிலுள்ள இரும்புத் தகடுகள், மின்சாரத்தின் காந்த சக்தியால் ஒவ்வொரு அரைச் சுழற்சிக்கும் ஒருமுறை மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குகின்றன. அமெரிக்க மின்சாரத்துக்கு வினாடிக்கு 60 சுழற்சி. ஆகவே தகடுகள் வினாடிக்கு 120 முறை அதிரும். நம் சங்கீத வழக்கில் சொன்னால், ஒரு கட்டைச் சுருதிக்குச் சற்றுக் கீழே நிற்கும் நாதம் அது. நம் நாட்டு மின்சாரத்துக்கு 50 சுழற்சியே ஆதலால், இங்குள்ள சோக்குகள் இன்னும் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். முப்பது விளக்குகள் ஒருங்கே இவ்வாறு ஒலிக்கும் வெற்று மண்டபத்தில், தேர்வு எழுதுவதற்காக வரிசை வரிசையாக மேசைகள் போட்டுப் பிள்ளைகளை உட்கார வைக்கும் வழக்கம் அங்கே உண்டு. கணிதத் தேர்வு என்றதும் அந்த ஓசையே இன்னும் காதில் கேட்கிறது என்று சொன்னவர்கள் பலர். ஆட்டம் நடக்கையில் ஒருவர் காதிலும் விழாத அந்த நாதம், நிசப்தம் நிலவும்போது மட்டுமே வெளிப்படும். அதனால்தான் அது தனிமையோடும், அச்சத்தோடும், காத்திருத்தலோடும் பிணைந்து நினைவில் நிற்கிறது என்று நான் கருதுகிறேன்.

இந்த விளக்குக்கு இருந்த பெருங்குறை அதன் தாமதம். விசையைப் போட்டவுடன் மங்கிய நீல ஒளி ஒன்று மினுமினுக்கும். குழல் சூடேறிப் பாதரசமும் உப்புகளும் ஆவியாக ஆக, நிறம் மாறி மாறி, இரண்டு நிமிஷம் முதல் ஐந்து நிமிஷத்துக்குள் முழு வெண்மையை அடையும். இதனினும் கடினமானது, எரிந்துகொண்டிருக்கும் விளக்கு கணநேரம் மின்சாரம் தடைப்பட்டு அணைந்துவிட்டால் நேர்வது. சூடான குழலுக்குள் ஆவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல மடங்கு இருப்பதால், சோக்கு கொடுக்கும் மின்னழுத்தம் அதை ஊடுருவி மீண்டும் ஒளியை எழுப்ப இயலாது. குழல் ஆறி, அழுத்தம் தணியும் வரையில், பத்து நிமிஷமோ பதினைந்து நிமிஷமோ, விளக்கு எரியாது. 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பெரிய அரங்கில் நாடே பார்த்துக்கொண்டிருந்த சூப்பர் பௌல் பந்தயத்தின் நடுவே மின்சாரம் தடைப்பட்டு, ஆட்டம் 34 நிமிஷம் நின்றுபோயிற்று. மின்சாரத்தைச் சீர்செய்த பிறகும் விளக்குகள் ஆறி எழும் வரையில் காத்திருக்க வேண்டியிருந்ததும் அத்தாமதத்துக்கு ஒரு காரணம்.

ஒஹையோ மாநிலத்துப் பள்ளி ஒன்றில், பனிப்புயல் வீசிய ஓர் இரவில், இத்தகைய சம்பவத்தை நான் பார்வையாளனாக இருந்து கண்டேன். ஆட்டம் சரிசமமாக நின்ற நேரம். கண் இமைக்கும் பொழுதே மின்சாரம் போய் உடனே திரும்பிவிட்டது. கணக்குப் பலகையின் சிவப்பு எண்கள் மீண்டும் ஒளிர்ந்தன; கூரையிலிருந்த விளக்குகள் மட்டும் இருண்டே இருந்தன. ஆனால் முழு இருட்டு இல்லை. விளக்குகளில் சிலவற்றின் உள்ளே, வாசலின் மேலும் படிக்கட்டின் மேலும் இருப்பவற்றில், சுண்டுவிரல் அளவேயான குவார்ட்ஸ் பல்பு ஒன்றை ஒளித்து வைத்திருப்பார்கள். பெரிய விளக்கு எரியாத நேரத்தில் மட்டும் அது தானாகவே எரியும். அந்தச் சிறு பல்புகளின் மஞ்சள் ஒளியில் நூற்றுக்கணக்கான மக்கள் நிழலுருவங்களாக அமர்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்து ஓடவில்லை. நடுவர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். ஆட்டக்காரப் பிள்ளைகள் எந்தக் குழுவினர் என்ற வேற்றுமையின்றித் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பள்ளியின் வாத்தியக் குழுவினர், எழுத்துத் தெரியாத இருளில், மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு ஒன்றை முதலில் தயங்கியும் பிறகு துணிந்தும் வாசித்தார்கள். என் பக்கத்தில் இருந்த முன்பின் அறியாத குடும்பத்தார் தங்கள் சோளப்பொரியை என்னிடம் நீட்டினார்கள். ஒரு மூலையில் முதல் விளக்கு நீலமாகக் கண் விழித்தபோது சபையில் எழுந்த ஆரவாரம், அன்றிரவு எந்தப் பந்து கூடையில் விழுந்ததற்கும் எழவில்லை.

நடன விருந்துகளின் முடிவிலும் விளக்குகள் இவ்வாறே மெல்ல மெல்ல எழும். வண்ணக் காகிதங்களைத் தோரணம் கட்டி, விளக்குகளை அணைத்து, அந்த மண்டபத்தையே நடன சாலையாக மாற்றுவது அந்நாட்டுப் பள்ளிகளின் சம்பிரதாயம். விருந்து முடிந்தது என்பதை அறிவிக்கப் பொறுப்பாசிரியர் விசையைப் போட்டால், ஒரே வீச்சில் எல்லாம் அம்பலமாவதில்லை. மங்கல் நீலம், பின் சாம்பல், பின் வெண்மை என்று படிப்படியாக வெளிச்சம் ஏற, அந்தச் சில நிமிஷங்களில் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளவும், கைகளை விலக்கிக்கொள்ளவும், சொல்லத் தயங்கியதைச் சொல்லிவிடவும் இளம் பிள்ளைகளுக்கு அவகாசம் கிடைத்தது. இதை ஓர் இயந்திரக் குறையின் தற்செயலான விளைவு என்றே பொறியியலார் சொல்வார்கள். அதை அனுபவித்தவர்கள் அவ்வாறு சொல்லக் கேட்டதில்லை.

1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, சில பள்ளிகள் சோடியம் விளக்குக்கு மாறின. 400 வாட்டில் 50,000 லூமென் தரும் அந்த விளக்கு மின்சாரத்தைச் சிக்கனம் செய்தது. ஆனால் மண்டபம் முழுவதும் ஆரஞ்சு நிறமாயிற்று, கருநீல ஆடைக்கும் கறுப்பு ஆடைக்கும் வேற்றுமை தெரியாமற் போயிற்று. தெருவுக்கு ஏற்ற விளக்கைப் பிள்ளைகளின் தலைக்குமேல் மாட்டியது தவறு என்றே நான் எண்ணுகிறேன். பணமுடை காரணமாக அதைச் செய்த நிர்வாகிகளை அதற்காகப் பழிக்கவும் நான் முற்படமாட்டேன்.

பழிக்கத்தக்கவை வேறு உண்டு. பாதரச விளக்கிலும் மெட்டல் ஹாலைடு விளக்கிலும் உட்குழலில் பிறக்கும் புற ஊதாக் கதிர்களை வெளிக் கண்ணாடிக் குமிழே தடுத்து நிற்கிறது. பந்து பட்டு வெளிக் குமிழ் உடைந்தும் உட்குழல் எரிந்துகொண்டேயிருந்தால், கீழே ஆடுவோரின் கண்ணையும் தோலையும் அக்கதிர்கள் சுட்டுவிடும். வேதனை சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணல் விழுந்ததுபோலத் தொடங்கும். காரணம் விளங்காமல் பெற்றோர்கள் கலங்கிய பல நிகழ்ச்சிகளுக்குப் பின், குமிழ் உடைந்தால் தானே அணையும் விளக்கு, அணையாத விளக்கு என இருவகைக்கும் தனித்தனிக் குறியிட வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 1980-ஆம் ஆண்டில் அமலுக்கு வந்தது. தானே அணையும் வகைக்கு டி என்ற எழுத்தும், மற்றதற்கு ஆர் என்ற எழுத்தும் அடையாளம். விலை குறைவு என்பதற்காக, அதற்குப் பிறகும் ஆர் விளக்கையே கூண்டுக்குள் மாட்டிவைத்த பள்ளிகளை நான் கண்டிருக்கிறேன். அறிக்கையில் அதை முதல் வரியாக எழுதினேன். 1979-க்கு முன் செய்யப்பட்ட சோக்குகளின் கெபாசிட்டர்கள் பலவற்றில் பிசிபி என்னும் நச்சு எண்ணெய் நிரம்பியிருந்தது; அது கசிந்து வகுப்பறைகளில் சொட்டிய பிறகு, நியூயார்க் நகரம் தன் பள்ளிகள் நூற்றுக்கணக்கானவற்றில் விளக்குகளையே மாற்ற நேர்ந்தது.

ஆகவே, பழைய விளக்குகள் போனதற்காக வருந்துபவன் அல்லன் நான். 2005-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று 2008-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து பாதரச விளக்குக்கான சோக்குகளைத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் நிறுத்திற்று. அதே ஆண்டுகளில் பள்ளிகள் முதலில் மெல்லிய டியூப் விளக்குகளுக்கும், பிறகு எல்.ஈ.டி. விளக்குகளுக்கும் மாறத் தலைப்பட்டன. சோக்கோடு சேர்த்து 450 வாட்டுக்கும் மேல் இழுத்த விளக்கு தொங்கிய இடத்தில், அதில் பாதிக்கும் குறைவாகவே இழுத்து, விசையைத் தொட்ட மாத்திரத்தில் முழு ஒளி தரும் விளக்கு இப்போது இருக்கிறது. அதற்கு நச்சும் இல்லை, ரீங்காரமும் இல்லை. என் சொந்தக் குழந்தைகள் ஆடும் மண்டபத்துக்கு எதைத் தேர்வேன் என்று கேட்டால், கணமும் யோசியாமல் புதியதையே தேர்வேன். அந்த மாற்றங்கள் பலவற்றுக்கு நானே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

என் ஆற்றாமை வேறிடத்தில் இருக்கிறது. வெற்றிக் கேடயங்களுக்குக் கண்ணாடி அலமாரி செய்து வைத்திருக்கிறார்கள். குழுவினரின் புகைப்படங்களை ஆண்டு வரிசையில் மாட்டியிருக்கிறார்கள். ஓய்வு கொடுக்கப்பட்ட சட்டைகளின் எண்கள்கூடச் சுவரில் தொங்குகின்றன. அவையனைத்தும் எந்த ஒளியில் நிகழ்ந்தனவோ அந்த விளக்கு எந்த வகை, எந்த ஆண்டில் மாட்டியது, யார் மாற்றியது என்று கேட்டால், பள்ளி அலுவலகத்தில் ஒரு துண்டுக் காகிதமும் அகப்படுவதில்லை. ஒப்பந்தக்காரர் பழையவற்றைக் கழற்றி, பாதரசம் உள்ளமையால் பல்புகளைத் தனிப் பெட்டிகளில் அடுக்கி மறுசுழற்சிக்கு அனுப்பி, அலுமினியக் குடைகளை எடைக்குப் போட்டுவிடுகிறார். கூரையில் ஒரு விளக்கு இளஞ்சிவப்பாகவும், பக்கத்தது பச்சை சாய்ந்தும், மற்றொன்று தூய வெண்மையாகவும் எரிந்தால், ஒன்று பழையது, ஒன்று அதனினும் பழையது, ஒன்று அவ்வாண்டில் யாரோ போராடி வாங்கிப் போட்டது என்று படித்தறியக்கூடிய சரித்திரம் அங்கே இருந்தது. ஒரு வேனிற்கால விடுமுறைக்குள் அது முழுவதும் இறக்கப்பட்டுவிடுகிறது. அதை அறிந்திருந்த மண்டபப் பணியாளர்களோ, கேட்பாரின்றி ஓய்வு பெற்றுச் சென்றுவிடுகிறார்கள்.

இதற்கு நான் பள்ளி நிர்வாகிகளிடம் சொல்லிவந்த யோசனை பெரும் செலவு பிடிப்பதன்று. கழற்றுவதற்கு முன் கூரையைப் புகைப்படம் எடுங்கள். சோக்கின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் அச்சிட்டிருக்கும் வாட், வோல்ட், செய்த தேதி ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பணியாளரை உட்காரவைத்து அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். பிறகு, ஒரு விளக்கை மட்டும் அதன் கூட்டோடும் குடையோடும் கேடய அலமாரியின் பக்கத்தில் மாட்டுங்கள். மண்டபத்து இணைப்பு 277 வோல்ட் என்பதால் அஞ்சவேண்டுவதில்லை; அவ்வகைச் சோக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு 120, 208, 240, 277 என நான்கு வோல்ட்டுக்கும் தனித்தனிக் கம்பி வெளியே விட்டிருப்பார்கள்; மின்பணியாளர் ஒருவர் 120-க்குரிய கம்பியைத் தேர்ந்து இணைத்துவிடுவார். 1979-க்குப் பிற்பட்ட சோக்காகவும், குமிழ் உடைந்தால் தானே அணையும் டி வகைப் பல்பாகவும் இருக்கட்டும். அதன் விசையைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி வையுங்கள். முழுதும் ஒளிர ஐந்து நிமிஷம் ஆகும்; அணைத்துவிட்டு மறுபடி போட விரும்பினால் கால்மணி நேரம் பொறுக்கவேண்டும். ஆதலால் எதிரே இரண்டு பெஞ்சுகள் போட்டுவைப்பது அவசியம். இந்தியானாவில் ஒரே ஒரு பள்ளி இந்த யோசனையை ஏற்றுக்கொண்டது. பெஞ்சுகள் இரண்டும் அவர்கள் பழைய மண்டபத்தின் படிவரிசையிலிருந்தே அறுத்தெடுத்த பலகைகளால் செய்யப்பட்டவை.